மொபைல் எண்ணை பிரைமரி கீயாக வைக்கலாமா? எந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போடுவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள். கடை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், கிளை புதுச்சேரியில், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். கஸ்டமர் டேபிளில் மொபைல் எண்தான் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் ஃபீல்டு. ஒரு நண்பர் ஆட்டோ இன்கிரிமெண்ட் எண்ணுக்கு, அதாவது டேட்டாபேஸே ஏறுவரிசையில் கொடுக்கும் எண்ணுக்கு, மாறச் சொல்கிறார். இன்னொருவர், இரண்டு கிளை இருக்கிறதே, யூயூஐடி (எங்கே உருவாக்கினாலும் மோதாத நீளமான அடையாள எண்) வைத்துவிடு என்கிறார். இதற்கிடையில் பில் டேபிள் பெருத்துத் தேடல் மந்தமாகிவிட்டது; எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் (தேடலுக்கென்று வரிசைப்படுத்தி வைக்கும் பட்டியல்) போட்டால் தீருமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. இந்த ரெக்கார்டு எது என்று அடையாளம் சொல்வது ஒன்று. ஒரே கடை, ஒரே சரக்கு இரண்டு தடவை பதிவாகாமல் காப்பது இரண்டாவது. கேட்டதைச் சட்டென்று எடுத்துக் கொடுப்பது மூன்றாவது. மூன்றையும் மொபைல் எண் ஒன்றின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அதைப் பிரித்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குமேல் தாமாகவே தீர்ந்துவிடும்.

நான் புதுச்சேரியில் பல வருடங்களாகக் கடைகளுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் டேட்டாபேஸ் அமைத்துக் கொடுப்பவன். மற்றவர்கள் அமைத்ததைச் சரிசெய்வதும் உண்டு. கையாண்டது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும்தான், ஒரே சர்வருக்குள் அடங்கும் அளவுகளில். நூறு சர்வரில் பரப்பி வைக்கும் அமைப்புகளுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

பிரைமரி கீ என்ற சொல் 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. ஒரு ரெக்கார்டைத் தனித்துக் காட்டக்கூடிய ஃபீல்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அவற்றில் ஒன்றை நாமாகத் தேர்ந்து பிரைமரி என்று வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. தேர்வு நம் கையில் இருக்கிறது. எதை வைத்துத் தேர்வது என்பதற்கு என் அளவுகோல் மூன்று: அது ஒருபோதும் மாறக்கூடாது, எல்லா ரெக்கார்டுக்கும் கட்டாயம் இருக்க வேண்டும், அதை வழங்கும் அதிகாரம் வெளியாள் யாரிடமும் இருக்கக்கூடாது. மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. மொபைல் எண்ணைக் கொடுப்பது தொலைபேசி நிறுவனம். எண் முடக்கப்பட்டால் சில காலம் கழித்து அது வேறொருவருக்குப் போகிறது. நெல்லிக்குப்பத்து மெடிக்கல் ஷாப்காரர் விட்டுவிட்ட எண் நாளைக்கு பாகூரில் இன்னொரு கடைக்காரரிடம் இருக்கலாம்; பழைய பாக்கி யார் பேரில் நிற்கும்?

அதைவிட அன்றாடத் தொல்லை ஒன்று இருக்கிறது. மொபைல் எண் இல்லாமல் கஸ்டமரைச் சேர்க்கவே முடியாது என்று சாஃப்ட்வேர் அடம்பிடித்தால், கவுன்ட்டரில் இருப்பவர் கூட்ட நேரத்தில் என்ன செய்வார்? ஒன்பதுகளை வரிசையாக அடிப்பார். அடுத்த முறை அது ஏற்கெனவே இருக்கிறது என்று வந்தால் கடைசி எண்ணை மட்டும் மாற்றுவார். ஒரே முதலாளிக்கு இரண்டு கடை இருந்து ஒரே எண்ணைக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும். உங்கள் டேபிளைத் திறந்து மொபைல் எண் வரிசையில் பாருங்கள், முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் இப்படிப்பட்ட எண்கள் அநேகமாக உட்கார்ந்திருக்கும். தவறான இடத்தில் வைத்த கீ, உழைப்பவரைப் பொய் எழுத வைக்கிறது.

சரி, ஜிஎஸ்டி எண்ணை வைக்கலாமா என்று அடுத்துத் தோன்றும். உங்கள் ஊருக்கு அது இன்னும் பொருந்தாது. அந்த 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. ஒரே நிறுவனம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையும் லாஸ்பேட்டையில் ஒரு கடையும் வைத்திருந்தால் அதற்கு இரண்டு ஜிஎஸ்டி எண். அதே நிறுவனம் கடலூருக்குள்ளேயே மூன்று கடை வைத்திருந்தால் மூன்றுக்கும் ஒரே எண் இருக்கலாம். வரம்புக்குள் வியாபாரம் செய்யும் சின்னக் கடைக்கு எண்ணே இருக்காது. பிரைமரி கீயில் வெற்றிடம் வைக்க முடியாது. மருந்து உரிம எண்ணும் இப்படித்தான்: சில்லறைக் கடைக்குப் படிவம் 20, படிவம் 21 என்று இரண்டு உரிமம், இரண்டு எண், பங்குதாரர் அமைப்பு மாறினால் புது உரிமம் வாங்க வேண்டும். ஆதாரைப் பற்றி ஒரே வரி: சட்டப்படி தேவை இல்லாத இடத்தில் அதை வாங்கியே வைக்காதீர்கள்.

ஆகவே முதல் நண்பர் சொன்னது சரி. கஸ்டமருக்கு அர்த்தமே இல்லாத ஓர் எண்ணை நீங்களே கொடுங்கள். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதி இருக்கிறது, பெரும்பாலான டேபிள்கள் கெட்டுப்போவது அங்கேதான். ஆட்டோ இன்கிரிமெண்ட் எண் வந்ததும் இரண்டாவது வேலை, அதாவது இரட்டைப் பதிவைத் தடுப்பது, யார் பொறுப்பும் இல்லாமல் அநாதையாகிவிடுகிறது. ஒரே கடை 412 என்றும் 977 என்றும் இரண்டு தடவை ஏறும். டேபிளுக்கு அது தெரியாது, இரண்டும் வேறு எண்தானே. எனவே எண் கொடுத்த அதே நாளில் யூனிக் கட்டுப்பாட்டையும் (ஒரே மதிப்பை இரண்டு தடவை ஏறவிடாத விதி) போட்டுவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் உரிம எண் தனி டேபிளில், உரிம எண்ணுக்கு யூனிக், ஒரு கஸ்டமருக்கு எத்தனை உரிமம் வேண்டுமானாலும். மொபைலுக்கு யூனிக் வேண்டாம், சாதாரண இண்டெக்ஸ் போதும். ஜிஎஸ்டி எண்ணுக்கும் அதேதான், மேலே சொன்ன மூன்று கடை காரணத்தால். நாளைக்கு வேறொரு ஃபீல்டுக்கு யூனிக் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மைஎஸ்கியூஎல்லில் யூனிக் ஃபீல்டில் நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் வெற்று ஸ்ட்ரிங் ஒன்றுதான் இருக்கலாம். ஃபார்மில் காலியாக விட்டதை நல்லாக மாற்றாமல் அப்படியே சேமித்தால், காலியாக விட்ட இரண்டாவது ஆளிலேயே பிழை வரும்.

பில் எண்ணையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோ இன்கிரிமெண்ட் எண்ணைப் பில் எண்ணாக அச்சடிக்காதீர்கள். ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாகவும், 16 எழுத்துக்கு மிகாமலும், அந்த நிதியாண்டுக்குள் தனித்தும் இருக்கக் கேட்கிறது. ஆட்டோ இன்கிரிமெண்டுக்குத் தொடர்ச்சி காக்கும் கடமை கிடையாது. ஒரு பில் பாதியில் ரோல்பேக் ஆனால், அதாவது சேமிக்காமல் கைவிடப்பட்டால், அதற்கு எடுத்த எண் திரும்ப வராது, நடுவில் ஓட்டை விழும். மைஎஸ்கியூஎல் 5.7 வரை இன்னொரு சிக்கலும் இருந்தது: அந்தக் கவுன்ட்டர் நினைவகத்தில் மட்டும் இருந்ததால், கடைசி ரெக்கார்டை அழித்துவிட்டு சர்வரை நிறுத்தி எழுப்பினால் அதே எண் மறுபடி கிடைக்கும். 8.0-இல்தான் அது சரியானது. பில் எண்ணுக்குக் கிளை, நிதியாண்டு, கடைசி எண் என்று ஒரு சின்ன டேபிள் வையுங்கள். பில் சேமிக்கும் அதே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத ஒரே கட்டுக்குள்) அந்த ஒரு ரெக்கார்டைப் பூட்டி எடுத்து ஒன்றைக் கூட்டுங்கள். பில் டேபிளில் கிளை, நிதியாண்டு, எண் மூன்றுக்கும் சேர்த்து யூனிக்.

இனி, உங்கள் கேள்வியில் வராததும் நான் மிக முக்கியமாக நினைப்பதும்: பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி. மருந்துக் கடையில் கீ வடிவமைப்பு உயிரோடு தொடர்புடைய இடம் இது. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள், தமிழ்நாடு அரசு விற்பனைக்குத் தடை போட்டது. தேடப்பட்ட பேட்ச் எஸ்ஆர்-13. அப்படி ஒரு அறிவிப்பு வரும் காலையில் மொத்த வியாபாரியிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: இந்த பேட்ச் உங்களிடம் வந்ததா, வந்திருந்தால் எந்தெந்தக் கடைக்குப் போனது? பில் விவர டேபிளில் பேட்ச் எண்ணை ஒவ்வொரு முறையும் கையால் அடிக்கும் டெக்ஸ்ட்டாக வைத்திருந்தால், எஸ்ஆர்-13, எஸ்ஆர்13, எஸ்ஆர் 13 என்று மூன்று விதமாகக் கிடக்கும். ஒன்றைத் தேடினால் மற்ற இரண்டு வராது. திரையில் ஒன்பது கடை என்று காட்டும். பத்தாவது கடையின் அலமாரியில் பாட்டில் நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே பேட்ச்சுக்கு ஒரு டேபிள், அதற்கு ஒரு எண் பிரைமரி கீ, மருந்தின் எண்ணும் பேட்ச் எண்ணும் சேர்ந்து யூனிக். பேட்ச் எண் மட்டும் யூனிக் என்று போட்டுவிடாதீர்கள். இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரே பேட்ச் எண்ணை வைக்க எந்தத் தடையும் இல்லை. கொள்முதல் விவரமும் பில் விவரமும் பேட்ச் டேபிளின் பிரைமரி கீ எண்ணை ஃபாரின் கீயாக (வேறு டேபிளின் ரெக்கார்டைக் காட்டும் ஃபீல்டாக) சுட்ட வேண்டும், அச்சிட்ட பேட்ச் எண்ணின் எழுத்தைச் சுமக்கக் கூடாது. ஒரே பேட்ச் இரண்டு சப்ளையரிடமிருந்து இரண்டு விலையில் வரும், அந்த விலை கொள்முதல் விவரத்துக்குப் போகட்டும். எம்ஆர்பியையும் பேட்ச்சின் கீயில் சேர்க்காதீர்கள்: 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது, பழைய விலை அச்சிட்ட சரக்கே குறைந்த விலையில் விற்கப்பட்டது. பேட்ச் அதே, விலை வேறு.

கோடும் இடைவெளியும் நீக்கி, பெரிய எழுத்தாக்கிய பேட்ச் எண்ணை ஒரு ஜெனரேட்டட் ஃபீல்டில் (டேட்டாபேஸே கணக்கிட்டு நிரப்பும் ஃபீல்டில்) வைத்து அதற்கு இண்டெக்ஸ் போட்டால் தேடல் தவறாது. அந்த ஃபீல்டுக்கே யூனிக் போடலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஏ1-23, ஏ12-3 என்று உண்மையிலேயே வேறான இரண்டு பேட்ச் ஒன்றாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது. நான் அச்சில் இருக்கும் எண்ணுக்கு யூனிக் போடுவேன். சுருக்கிய வடிவம் ஏற்கெனவே இருந்தால் திரையில் எச்சரிக்கை காட்டி, தொடர்வதா வேண்டாமா என்று ஆளைக் கேட்பேன். வேறு வழியை விரும்புபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

எல்லா டேபிளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண் ஃபீல்டு சேர்ப்பதும் சரியில்லை. மேலே சொன்ன வரி மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரி விகித டேபிளில் மருந்தின் எண், அமலுக்கு வந்த தேதி, விகிதம். இங்கே மருந்தும் தேதியும் சேர்ந்ததே இயற்கையான பிரைமரி கீ. ஒரு மருந்துக்கு ஒரே தேதியில் இரண்டு விகிதம் இருக்கவே முடியாது, வெளியே எந்த டேபிளும் இந்த ரெக்கார்டைத் தனியாகச் சுட்டப்போவதும் இல்லை. கிளைவாரி ஸ்டாக்கும் அப்படியே: கிளை, பேட்ச், அளவு.

யூயூஐடி விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு மைஎஸ்கியூஎல் உள்ளே எப்படிச் சேமிக்கிறது என்பது தெரிய வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபியில் டேபிளே பிரைமரி கீ வரிசையில் அடுக்கிய ஒரு பி-ட்ரீ, அதாவது மர வடிவில் கிளைவிட்டு இறங்கும் பக்கங்கள். 1970-களின் தொடக்கத்தில் போயிங்கில் வேலை செய்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் தந்த அமைப்பு அது, இன்றும் பெரும்பாலான டேட்டாபேஸுக்கு முதுகெலும்பு. 16 கேபி அளவுள்ள பக்கங்கள். மேல்பக்கம் கீழ்ப்பக்கங்களுக்கு வழிகாட்டும். ஒரு பக்கத்தில் 500 கீ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மூன்றே படியில் 12.5 கோடியை எட்டிவிடலாம், அதனால்தான் தேடல் அவ்வளவு வேகம். நீங்கள் சேர்க்கும் மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸும் ரெக்கார்டு கிடக்கும் இடத்தைக் குறித்து வைப்பதில்லை, பிரைமரி கீயின் மதிப்பையே சுமக்கிறது. கீ பருத்தால் எல்லா இண்டெக்ஸும் பருக்கும். போஸ்ட்கிரெஸில் இந்த அமைப்பு வேறு. அங்கே டேபிள் தனிக் குவியல், இண்டெக்ஸ் இடத்தைச் சுட்டும்.

கணக்கைப் பாருங்கள். பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகை 8 பைட். யூயூஐடியை 36 எழுத்து டெக்ஸ்ட்டாக வைத்தால் கூடுதல் 28 பைட். ஒரு கோடி பில் விவரம், ஐந்து இண்டெக்ஸ் என்றால் இண்டெக்ஸில் மட்டும் 140 கோடி பைட், கிட்டத்தட்ட 1.4 ஜிபி வீண். பைனரி 16-ஆக வைத்தால் அந்தக் கூடுதல் 8 பைட்டாகக் குறையும். இதைவிடப் பெரிய செலவு வரிசை கலைவது. எண் ஏறுவரிசையில் வந்தால் புது ரெக்கார்டுகள் கடைசிப் பக்கத்தில் போய் உட்காரும், பக்கம் ஏறத்தாழ முழுதும் நிரம்பும். நான்காம் பதிப்பு யூயூஐடி முற்றிலும் தாறுமாறான எண், ஒவ்வொரு ரெக்கார்டும் ஏதோ ஒரு நடுப்பக்கத்தில் நுழையும். பக்கம் பிளக்கும், பாதி நிரம்பிய பக்கங்கள் பெருகும். 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் வெளியான ஏழாம் பதிப்பில் முதல் 48 பிட் நேரம், எனவே அது ஏறுவரிசையில் வரும். போஸ்ட்கிரெஸ் 18 அதைத் தானே உருவாக்கித் தரும். மைஎஸ்கியூஎல்லின் யூயூஐடி ஃபங்க்ஷன் தருவது முதல் பதிப்பு, 8.0-இலிருந்து உள்ள யூயூஐடி-டு-பின் ஃபங்க்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக 1 கொடுத்தால் நேரப் பகுதியை முன்னால் கொண்டுவந்து 16 பைட்டாகச் சேமிக்கும்.

உங்களுக்கு யூயூஐடி தேவையா என்பது, இரண்டு கிளையும் ஒரே சர்வரில் எழுதுகின்றனவா, இல்லை நெட் இல்லாதபோதும் தனித்தனியே பில் போட வேண்டுமா என்பதைப் பொறுத்தது. ஒரே சர்வர் என்றால் தேவையே இல்லை. தனித்தனியே என்றால் இரண்டு இடத்திலும் 5001 என்று ஆட்டோ இன்கிரிமெண்ட் ஓடி, சேர்க்கும்போது மோதும். நம் கடற்கரையில் இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் இரண்டிலும் இந்தப் பகுதி மின்சாரமும் தொடர்பும் இல்லாமல் கிடந்தது; மருந்துக் கடைக்கு அந்த நாட்களில்தான் வேலை அதிகம். தனித்து ஓட வேண்டுமென்றால் பைனரியாக வைத்த ஏழாம் பதிப்பு யூயூஐடி நல்ல வழி. இரண்டே கிளை என்பதால் இன்னும் எளிய வழியும் இருக்கிறது: ஆட்டோ இன்கிரிமெண்டை இரண்டிரண்டாகத் தாவவிட்டு, கடலூருக்கு ஒற்றைப்படை, புதுச்சேரிக்கு இரட்டைப்படை. நாளைக்கு விழுப்புரத்தில் மூன்றாவது கிளை வந்தால் இது இடிக்கும், அதனால் முதலிலேயே பத்துப்பத்தாகத் தாவவிடுவது நல்லது. பிக்இன்ட்டில் எண்ணுக்குப் பஞ்சமில்லை. வெறும் இன்ட் வைத்தால் 214 கோடியில் நின்றுவிடும். தாவிப்போகும்போது அந்த எல்லை சீக்கிரம் வரும், பிக்இன்ட்டே வையுங்கள்.

இப்போது மந்தமான தேடல். எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டால் தீராது. பில்லில் ஒரு வரி ஏறும்போது அத்தனை இண்டெக்ஸிலும் ஒரு வரி ஏற வேண்டும், தேடலில் மிச்சமாவது கவுன்ட்டரில் செலவாகிவிடும். ஒற்றை ஃபீல்டு இண்டெக்ஸ்கள் பத்து இருந்தாலும் உங்கள் குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு) வேண்டிய, பல ஃபீல்டு சேர்ந்த கூட்டு இண்டெக்ஸ் ஒன்று இல்லாமல் போகலாம். டேபிளைப் பார்த்து இண்டெக்ஸ் போடாதீர்கள். குவெரிகளைப் பட்டியல் எடுத்து, அவற்றைப் பார்த்துப் போடுங்கள். உங்கள் கடைக்கு நான் ஊகிக்கும் குவெரிகள் நான்கைந்துதான்: ஒரு கஸ்டமரின் கடைசி இருபது பில், இந்தக் கிளையில் மூன்று மாதத்துக்குள் எக்ஸ்பைரி ஆகும் சரக்கு, ஒரு பேட்ச் போன கடைகள், மருந்தின் பெயரை முதல் சில எழுத்து அடித்துத் தேடுவது, மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு.

முதலாவதற்குக் கஸ்டமர் எண், பில் தேதி இரண்டும் இந்த வரிசையில் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ். வரிசை முக்கியம். வாக்காளர் பட்டியலை நினைத்துப் பாருங்கள், முதலில் பாகம் எண், அதற்குள் வரிசை எண். பாகமும் வரிசையும் தெரிந்தால் பூத் ஏஜெண்ட் நொடியில் புரட்டிவிடுவார். பாகம் மட்டும் தெரிந்தாலும் ஓரளவு முடியும். வரிசை எண் மட்டும் தெரிந்தால் எல்லாப் பாகத்தையும் புரட்ட வேண்டும். எனவே சமம் என்று கேட்கும் ஃபீல்டு முன்னால், இதிலிருந்து இதுவரை என்று கேட்கும் ஃபீல்டு பின்னால். எக்ஸ்பைரி குவெரி கிளைவாரி ஸ்டாக்கையும் பேட்ச்சையும் சேர்த்துப் பார்ப்பது. ஸ்டாக் டேபிளிலும் எக்ஸ்பைரி தேதியின் நகல் ஒன்றை வைத்து, கிளை, எக்ஸ்பைரி தேதி என்று இண்டெக்ஸ் போடலாம். ஒரு பேட்ச்சுக்கு அச்சிட்ட எக்ஸ்பைரி மாறாது என்பதால் இந்த நகலில் ஆபத்து குறைவு. கிளைக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் போடுவதில் பயனில்லை. இரண்டே மதிப்பு, பாதி டேபிளை எப்படியும் படிக்க வேண்டும். கூட்டு இண்டெக்ஸின் முதல் ஃபீல்டாக அதே கிளை நன்றாக உதவும்.

பேட்ச் குவெரிக்கு பில் விவர டேபிளில் பேட்ச்சைச் சுட்டும் ஃபீல்டில் இண்டெக்ஸ் வேண்டும். அங்கே ஃபாரின் கீ அறிவித்திருந்தால் இன்னோடிபி தானாகவே இண்டெக்ஸ் போட்டிருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு மாறினால் அது தானாகப் போடாது, நீங்கள்தான் போட வேண்டும். மாறியவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. மருந்தின் பெயரில் முதல் எழுத்துகளைக் கொண்டு தேடினால் இண்டெக்ஸ் உதவும். நடுவில் எங்காவது இந்த எழுத்துகள் என்று முன்னாலும் சதவீதக் குறி வைத்துத் தேடினால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகும் இரண்டு இடங்களை உங்கள் புரோகிராமில் இன்றே தேடிப் பாருங்கள். ஒன்று, குவெரியில் நிபந்தனை சொல்லும் வேர் (WHERE) பகுதியில் பில் தேதியின் மேல் மாதம், வருடம் என்று ஃபங்க்ஷன் போட்டிருப்பது. தேதி வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸுக்கு அந்தக் கணக்கின் விடை தெரியாது. ஏப்ரல் 1-க்குச் சமமோ பிந்தியோ, மே 1-க்கு முந்தி என்று எழுதினால் அதே இண்டெக்ஸ் வேலை செய்யும். இரண்டு, மொபைல் எண்ணை வார்கேரில் (டெக்ஸ்ட் வகையில்) வைத்துவிட்டு, குவெரியில் மேற்கோள் குறியில்லாமல் எண்ணாகக் கொடுப்பது. மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு ரெக்கார்டையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும், இண்டெக்ஸைத் தொடாது. விடை சரியாக வருவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. உங்கள் மந்தத்துக்கு இதுவே காரணமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன், ஆனால் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளைன் போட்டு ஓட்டுங்கள். டைப் என்ற இடத்தில் ஆல் (ALL) என்று வந்து, ரோஸ் (rows) என்ற இடத்தில் டேபிளின் மொத்த எண்ணிக்கை வந்தால் முழு டேபிளும் படிக்கப்படுகிறது. உங்கள் லேப்டாப்பில் ஐம்பது ரெக்கார்டு வைத்துச் சோதிக்காதீர்கள். அவ்வளவு சின்ன டேபிளில் இண்டெக்ஸை விட்டுவிட்டு முழுதும் படிப்பதே மலிவு என்று, குவெரியை எப்படி ஓட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் ஆப்டிமைசர் முடிவெடுக்கும். கடை டேட்டாவின் நகலில் பாருங்கள்.

இதில் எது உறுதி, எது என் சாய்வு என்பதையும் பிரித்துவிடுகிறேன். இன்னோடிபி சேமிக்கும் முறை, கூட்டு இண்டெக்ஸில் வரிசையின் விளைவு, ஃபங்க்ஷனும் டைப் வேறுபாடும் இண்டெக்ஸை முடக்குவது, ஆட்டோ இன்கிரிமெண்டில் ஓட்டை விழுவது ஆகியவை சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மைகள். இயற்கையான கீயா, செயற்கை எண்ணா என்பது பல காலமாக நடக்கும் வாதம். நான் செயற்கை எண் பக்கம் நிற்பது, வெளியாள் கொடுக்கும் எண்கள் மாறுவதைப் பார்த்துப் பார்த்து வந்த முடிவு. உங்கள் அளவுக்கு யூயூஐடி எவ்வளவு சுமையாகும் என்பது சர்வர் நினைவகத்தையும் தினசரி பில் எண்ணிக்கையையும் பொறுத்தது. முழு இண்டெக்ஸும் நினைவகத்தில் அடங்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமலும் போகலாம்.

மாற்றத்தை எப்படிச் செய்வது என்பது மிச்சம். முதலில் பேக்கப், அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்து அங்கே ஒத்திகை. கஸ்டமர் டேபிளில் புது பிக்இன்ட் எண் ஃபீல்டைச் சேர்த்து நிரப்புங்கள். பில் டேபிளில் கஸ்டமர் எண் என்று காலி ஃபீல்டு சேர்த்து, பழைய மொபைல் எண்ணைக் கொண்டு இணைத்து நிரப்புங்கள். நிரம்பாமல் நல்லாக நிற்கும் பில் ஒன்றுகூட இல்லை என்று எண்ணிப் பார்த்த பிறகு பிரைமரி கீயையும் ஃபாரின் கீயையும் புது ஃபீல்டுக்கு மாற்றுங்கள். ஒன்பதுகளாக அடித்த எண்களை நல் ஆக்கி, அந்தக் கடைகளின் பட்டியலைக் கவுன்ட்டரில் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை சரக்கு எடுக்க வரும்போது சரியான எண்ணைக் கேட்டுப் போடட்டும். பில் டேபிளில் உள்ள பழைய மொபைல் ஃபீல்டை அன்றே நீக்காதீர்கள். ஒரு மாதத்து ஜிஎஸ்டி கணக்கும் கஸ்டமர் வாரியான பாக்கியும் புது எண் வழியாகவும் பழைய எண் வழியாகவும் ஒரே தொகை காட்டுகிறதா என்று ஒப்பிட்டு, பொருந்திய பிறகு நீக்குங்கள்.